அச்சு கழுவிய தண்ணீர்

போன மாதம் கலா போன் செய்தாள். புதுச்சேரியில் தன் வீட்டு மாடியில் சனி, ஞாயிறுகளில் சோப்பு வகுப்பு நடத்துகிறாள். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவள். இன்றைக்கு அவளிடம் கற்றுக்கொள்ள ஐ.டி. கம்பெனிப் பெண்கள் எல்லாம் வருகிறார்களாம்.

"மேரிக்கா, சிலிக்கான் அச்சு பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் குடுக்கணும்" என்றாள்.

"என்னத்தடி எழுதறது?"

"எல்லாந்தான். எப்டி ஊத்தறது, எப்டி எடுக்கறது, எப்டி கழுவறது..."

கழுவுவது என்ற வார்த்தை வந்ததும் அவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு அவளே, "சாப்ட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினாள்.

ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. சோப்பில் கை வைத்தது முப்பது வயதில். ஆரோவில் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில் சோப்புக்குக் காகிதம் சுற்றும் வேலைக்குப் போனேன். காகிதம் சுற்றியவள் எண்ணெய் நிறுத்துக் கொடுக்கிறவள் ஆனேன். பிறகு காரம், அதாவது காஸ்டிக் சோடா, கலக்குகிறவள் ஆனேன். பதினோரு வருடம் அப்படிப் போயிற்று. அதில் கதை ஒன்றும் இல்லை. கையில் இரண்டு தழும்பு மட்டும் உண்டு. கதை என்றால் அதற்குப் பிறகு மரக்காணத்தில் இருந்த ஒன்றரை வருடம்தான்.

கலா கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு அவள் கேட்காததை எழுதுகிறேன்.

சிலிக்கான் அச்சில் ஊற்றும் சோப்புக்குத் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். காரம் கரைக்கும் தண்ணீரில் முன்கூட்டியே ஒரு ஸ்பூன் உப்பைக் கரைத்துக்கொண்டால் சோப்பு சீக்கிரம் இறுகும், அச்சிலிருந்து உடையாமல் வரும். காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காரத்தில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது. கிண்டும்போது கரண்டியை எடுத்தால் மேலே கோடு விழுந்து ஒரு நொடி நிற்க வேண்டும், அதுதான் ஊற்றுகிற பதம். அச்சுக்கு எண்ணெய் தடவ வேண்டாம், காகிதம் போட வேண்டாம். இரண்டு நாள் விட்டு, ஓரத்தை மெல்லப் பிரித்து, கவிழ்த்து, முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால் சோப்பு பொத்தென்று விழும். பிறகு நாலு வாரம் காற்றில் காய வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கடையில் சோப்பு வாங்கிக்கொள்ளலாம்.

அச்சு தொளதொளவென்று இருக்கும். அதனால் முதலில் பலகை, பலகை மேல் அச்சு, அச்சில் சோப்பு. ஊற்றிய பிறகு பலகையோடு இரண்டு கையாலும் வயிற்றுக்கு நேரே பிடித்துத்தான் எடுத்துப்போக வேண்டும். இந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொல்ல வேண்டும்.

இனி கேட்காதது.

சுனாமி வந்த மறு வருடம் ஒரு தொண்டு நிறுவனம் மரக்காணத்து உப்பளத்தை ஒட்டி ஷெட் போட்டு, பெண்களுக்குச் சோப்புத் தொழில் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியது. நான் போனேன். வீடு கிளியனூரில். பக்கவாதத்தில் விழுந்த கணவர் வீட்டில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். கடல் உள்ளே வந்து பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனதால் அந்தப் பருவம் பாதி அளங்களில் உப்பே இல்லை. வேலை இல்லாத பெண்கள் பதினாலு பேர் ஷெட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி அஞ்சலை. இன்னொருத்தி கலா.

அஞ்சலைக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எலும்பும் நரம்புமாக இருப்பாள், வாய் மட்டும் கொழுத்தது. முதல் நாள் எல்லோரிடமும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

"எங்கம்மாவுக்கு நாப்பது வயசுல கண்ணு மங்கிடுச்சுக்கா. உப்புல வெயிலு பட்டு மூஞ்சில அடிக்கும் பாரு, அதுல போனது. எனக்கும் சாயங்காலமானா கண்ணுல தண்ணியா கொட்டுது. ஷெட்டுன்னா நிழலு. சம்பளம் கம்மியா இருந்தாக்கூட பரவாயில்ல. கண்ணு மிஞ்சும்."

எங்களுக்கு மேலே வேதாசலம் சார். சென்னையில் ஏதோ சோப்பு ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஊர் ஷெட்டுகளுக்கும் அவர்தான் பொறுப்பு. எங்களிடம் செவ்வாயும் வெள்ளியும் வருவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, சைக்கிள் கிளிப் போட்ட பேண்ட், ஆனால் சைக்கிள் கிடையாது. பஸ்ஸில் வருகிறவர் எதற்குக் கிளிப் போட்டார் என்று கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. வணக்கம் சொன்னால் பதில் வராது. உள்ளே நுழைந்ததும் ஒரே கேள்விதான்.

"தண்ணி எங்கம்மா?"

கேட்டுவிட்டு எங்கள் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். மூலையில் இருக்கும் சிவப்பு வளையம் பூசிய நீல டிரம்முக்கு நேரே போவார். மூடியைத் தூக்கி, கையை உள்ளே விடுவார். முழங்கை நனைந்தால் சரி. நனையவில்லை என்றால் அன்றைக்குக் காரப் பையை அவிழ்க்க விட மாட்டார். இரண்டு டிரம் உண்டு. ஒன்று சோப்புக்கு, இன்னொன்று கண்ணுக்கு. யார் கண்ணிலாவது காரம் தெறித்தால் உடனே ஊற்ற வேண்டிய தண்ணீர். அதில் ஒரு சொம்பு மொண்டு குடித்தாலும் சத்தம் போடுவார். கடல் வந்த பிறகு ஷெட்டு அடிபம்பில் வருவது எல்லாம் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் வரும், சில நாள் வராது. பெண்கள் அந்த டிரம்முக்குக் 'கண் டிரம்' என்று பேர் வைத்தார்கள்.

அவர் சொன்ன இன்னொன்று, ஊற்றிய சோப்பைக் கையில்தான் தூக்க வேண்டும் என்பது. அப்போது எங்களிடம் மர அச்சுப் பெட்டிகள்தான் இருந்தன. ஊற்றுகிற மேசையிலிருந்து காய வைக்கும் அறைக்கு முப்பது அடி தூரம், நடுவில் ஒரு குட்டை வாசல். உப்புக் கூடையைச் சும்மாட்டில் வைத்து வழுக்குகிற வரப்பில் ஓடிப் பழகியவர்களுக்குக் கையில் தூக்குவதுதான் கஷ்டம். வயிற்றுக்கு நேரே பிடித்தால் பெட்டி ஆடும், சோப்பு தளும்பும். தலையில் வைத்தால் சிலை மாதிரி போவார்கள். வாசலில் கழுத்து வளையாது, முழங்காலை மட்டும் மடக்கி நுழைவார்கள். அஞ்சலை தலையில் இருந்த பெட்டியில் சோப்பின் மேல் ஒரு சுருக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை. சார் வருகிற நாளில் கையில், வராத நாளில் தலையில் என்று நடந்துகொண்டிருந்தது. நான்தான் விட்டேன். வேலை சீக்கிரம் முடிந்தது. என் கண்ணுக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

2006 கோடையில் சிலிக்கான் அச்சுகள் வந்தன. திட்டத்துக்கு உதவிய வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பியவை. வான நீல நிறம், ஒவ்வொன்றிலும் சிப்பி வடிவத்தில் ஆறு குழி. அதுவரை இங்கே யாரும் பார்த்திராத சாமான். பிரித்து மேசை மேல் போட்டதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாக்கா இது, பணியாரச் சட்டிய ரப்பர்ல பண்ணிக்கிறாங்க?" என்று ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள் அஞ்சலை. அது தொங்கியது. "மாட்டு நாக்கு மாதிரி தொங்குது பாரு!"

சார் சிரிக்கவில்லை. தச்சரிடம் சொல்லி இழைத்த பலகைகள் செய்து வாங்கினார். "பலகை இல்லாம ஊத்தக் கூடாது. பலகையோட கையில தூக்கணும்" என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டார்.

முதல் சோப்பு வந்தபோது எல்லோரும் கை தட்டினோம். கம்பியால் அறுத்த கட்டிச் சோப்பைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தச் சிப்பி நகை மாதிரி இருந்தது. இரண்டாவது முறை கை தட்ட முடியவில்லை. அடிபம்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்த அச்சில் உப்பு பூத்து, அது சோப்பின் முகத்தில் தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாக விழுந்திருந்தது. மரப் பெட்டியில் காகிதம் போடுவதால் இந்தத் தொல்லை இருந்ததில்லை. துணியால் துடைத்தால் பஞ்சு ஒட்டிக்கொண்டது. அச்சைக் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசினால்தான் சோப்பு பளிச்சென்று வந்தது. சோப்பு டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்து அலசிக்கொண்டிருந்தோம்.

அச்சு அனுப்பியவர்கள் ஒரு வியாழக்கிழமை பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. போட்டோ எடுப்பார்களாம். புதன்கிழமை காலை லாரி வரவில்லை. சோப்பு டிரம்மில் இருந்தது அன்றைய காரத்துக்கே சரியாகப் போயிற்று. பத்து அச்சும் உப்புப் பூத்துக் கிடந்தன. நாளை வருகிறவர்கள் கையில் தேமல் சோப்பையா கொடுப்பது என்று எனக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது.

"அஞ்சலை, கண் டிரம்முலேர்ந்து மொண்டு ஊத்து. லாரி இப்ப வந்துடும், ரொப்பிக்கலாம்" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். "சாரு கத்துவாருக்கா."

"சார் வெள்ளிக்கெழமதான வர்றாரு. ஊத்து."

அவள் மொண்டு ஊற்ற, நான் அலசினேன். பத்து அச்சு. டிரம்மின் அடி தெரிந்தது. கடைசிச் சொம்பைச் சாய்த்துத்தான் எடுத்தாள். காயக்கூட நேரம் விடாமல் பலகைகளில் வைத்து ஊற்றினோம். அச்சின் அடிப்பக்கம் ஈரம்.

அஞ்சலை மூன்றாவது பலகையைத் தூக்கித் தலையில் வைத்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசலில் எப்போதும் போல முழங்காலை மடக்கினாள். மரப் பெட்டியாக இருந்தால் அசைந்திருக்காது. ஈர ரப்பர் இழைத்த பலகையில் சறுக்கியது. முன் ஓரம் பலகையைத் தாண்டி மடங்கித் தொங்கியது. முன்னால் இருந்த குழிகளில் இருந்தது முழுதும் அவள் நெற்றியில் இறங்கி வலது கண்ணில் போயிற்று.

அவள் பலகையைக் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் இறக்கித் தரையில் வைத்துவிட்டுத்தான் கத்தினாள்.

"எரியுதுக்கா! அக்கா, கண்ணு எரியுது!"

புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். நான் கண் டிரம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கலா பக்கெட்டை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு ஓடினாள். நான்தான் நிறுத்தினேன்.

"உப்புத் தண்ணி வேணாம்டி! கண்ணு போயிடும்! ரோட்டு டீக்கடையில நல்ல தண்ணி வாங்கியா!"

கலா ஓடினாள். நான் அஞ்சலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் ஊதினேன். ஊதினேன் என்று எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. பதினோரு வருடம் காரம் கலக்கியவள் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாண்டி பஸ் ஒன்று ரோட்டில் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கலா வரவில்லை. அடிபம்பு பத்து அடியில் இருந்தது.

கலா கொண்டுவந்த ஒரு குடம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு வேறு வழியில்லாமல் பம்புத் தண்ணீரை ஊற்றினோம். ஆட்டோவில் மரக்காணம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து வேனில் புதுச்சேரி. கண் டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உடனே தண்ணி ஊத்தலியா?"

"உப்புத் தண்ணிதான் இருந்துது டாக்டர். அதான்..."

"உப்புத் தண்ணியானா என்னம்மா? கடல் தண்ணியா இருந்தாலும் ஊத்தியிருக்கணும். காரத்துக்கு நேரம்தாம்மா கணக்கு. கருவிழி வெந்துடுச்சு."

உப்பிலேயே பிறந்து வளர்ந்த ஊரில், சுற்றிலும் தண்ணீர் நிற்க, நான் நல்ல தண்ணீருக்கு ஆள் அனுப்பினேன். நல்ல தண்ணீரை அச்சுக்கு ஊற்றிவிட்டேன்.

சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பியபோது லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. முதல் வேலையாகக் கண் டிரம்மை ரொப்பினேன், விளிம்பு வரைக்கும். ஏன் அதைச் செய்தேன் என்று அந்த நிமிஷத்தில் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வருவதாக இருந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை வேதாசலம் சார் வந்தார். டிரம்முக்கு நேரே போனார். மூடியைத் தூக்கி, கையை விட்டார். முழங்கைக்கு மேலேயும் நனைந்தது. கையைத் துடைக்காமலே என் எதிரில் நின்றார்.

"புதன்கிழமை இதுல தண்ணி இருந்துதாம்மா?"

"இருந்துது சார்."

அவர் விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ பொய் சொல்ல மாட்டே. அதனால அப்படியே எழுதறேன்" என்றார்.

பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்து எழுதினார். அழகான கையெழுத்து. பாதுகாப்புத் தண்ணீர் இருந்தது. முதலுதவி செய்யப்பட்டது. காரணம்: தொழிலாளி விதியை மீறித் தலையில் சுமந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். இருந்தது என்று நான் சொன்ன ஒரு வார்த்தையில் பழி முழுவதும் அஞ்சலை தலைக்குப் போயிற்று. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். வீட்டில் படுத்துக் கிடந்தவருக்கு மருந்து, என் பையனுக்குப் படிப்பு. இதெல்லாம் காரணம்தான். ஆனால் அஞ்சலைக்கும் வீடு இருந்தது.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். அஞ்சலை கண்ணில் கட்டோடு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்திலிருந்து வந்தவர் படிவத்தைப் படித்தார். விதியை மதிக்காதவர்களை வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கும் ஆபத்து என்றார். அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொன்னது போதாதும்மா, அந்த அதிகாரிகிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லணும்" என்றார். அடுத்த முறை வேறு ஊர்க் கோயிலுக்குப் போனேன்.

ஆவணியில் ஒருநாள் மதியம் மனசு கேட்காமல் அளத்துக்குப் போனேன். அஞ்சலை பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. இடது கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் என்னாலேயே நிமிர முடியவில்லை. எந்த வெயிலுக்குப் பயந்து வந்தாளோ அதே வெயிலுக்கு, இருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அன்றையிலிருந்து அந்தப் பழமொழியை யார் சொன்னாலும் எழுந்து போய்விடுகிறேன்.

"நல்லாருக்கியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"இருக்கேன்க்கா. பலகைய நிறுத்தினா மேஸ்திரி கத்துவான். வந்ததச் சொல்லு."

"டிரம்முல தண்ணி இல்லன்னு உனக்குத் தெரியும். நீதான மொண்டு ஊத்தின. கூட்டத்துல ஏன் சொல்லல?"

அவள் வாருவதை நிறுத்தவில்லை.

"நான் ஏன்க்கா சொல்லணும்? நீதான சொல்லணும். நீ சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு அன்னைக்குப் பூரா உன் வாயவே பாத்துகினு ஒக்காந்துருந்தேன்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். ஷெட்டுக்குத் திரும்பி வந்து அன்றைய சோப்பை எடை போட்டேன்.

அந்த வருடக் கடைசியில் என்னை வேறு ஊர் ஷெட்டுக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். சிபாரிசு செய்தவர் வேதாசலம் சார். நான் போன ஒவ்வொரு ஷெட்டிலும் உள்ளே நுழைந்ததும், "தண்ணி எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு டிரம்மில் கையை விட்டேன். கறாரான ஆள் என்று பேர் வாங்கினேன். சார் இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனேன். அவருடைய மகளிடம், உங்கள் அப்பாவிடம்தான் எல்லாம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்ட பிறகு கலா இன்னொன்றும் சொன்னாள். அஞ்சலை இப்போது திண்டிவனத்தில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். மிச்சமிருந்த கண்ணும் மங்கிவிட்டதாம். வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லையாம்.

கலா, நீ கேட்ட இரண்டு பக்கம் மேலே இருக்கிறது. அதை மட்டும் கத்தரித்து ஜெராக்ஸ் போட்டுக்கொள். ஒரு வரி சேர்த்துக்கொள்: அச்சை எந்தத் தண்ணீரில் வேண்டுமானாலும் கழுவலாம், கண்ணுக்கு வைத்த தண்ணீரில் கழுவக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் எந்தத் தண்ணீர் கையில் கிடைக்கிறதோ அதை ஊற்ற வேண்டும், நல்லது கெட்டது பார்க்கக் கூடாது.

மீதியை நான் எடுத்துக்கொண்டு வருகிற திங்கட்கிழமை திண்டிவனம் போகிறேன். அஞ்சலையின் மகளும் மருமகனும் இருக்கும்போது, அவர்கள் எதிரில் படிக்கப் போகிறேன். அன்றைக்கு டிரம்மில் தண்ணீர் இல்லை, நான்தான் அச்சு கழுவச் சொன்னேன், தலையில் தூக்கவும் நான்தான் விட்டேன் என்று வாய் திறந்து சொல்லப் போகிறேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த வாய். இப்போது அது அசைவது அவளுக்குத் தெரியாது.

காது நன்றாகக் கேட்கிறது என்று கலா சொன்னாள்.